முன்வாசல் உடம்பும் குடோன் உடம்பும்

போன தீபாவளிக்கு முன்னால் நடந்தது இது. என் அக்கா மகள் பி.காம். முடித்தவள். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் 'விற்பனைக்குப் பெண்கள் தேவை' என்று போர்டு பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். சான்றிதழைக் கையில் வாங்கிய ஆள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இவளைத்தான் மேலிருந்து கீழாகப் பார்த்திருக்கிறான். "சேல்ஸ்ல நிக்கணும்னா கொஞ்சம் லுக்கா இருக்கணும்மா. வேணும்னா குடோன்ல சேந்துக்க. சம்பளம் ஒண்ணுதான்." பிள்ளை நல்ல கறுப்பு. எண்பது கிலோ இருப்பாள். வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சம்பளம் ஒண்ணுதானாம் மாமா. அப்ப எதுதான் வேற?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழின் தலையங்கம். நிலம், கூலி, வன்கொடுமை என்று எழுதுவதற்கு மலைபோல் கிடக்கும்போது துணிக்கடை அழகைப் பற்றி எழுதுவதா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

எது வேற? இடம் வேற. கடையின் முன்வாசல் ஊர். குடோன் சேரி. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் எந்த உடம்பு நிற்கலாம், சாக்குமூட்டையும் தூசியும் உள்ள இடத்தில் எந்த உடம்பு இருக்கலாம் என்று அங்கே ஒருவன் கோடு போடுகிறான். சாதியைச் சொல்லி வேலை இல்லை என்றால் கேட்கச் சட்டம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். 'லுக்' என்று சொன்னால்? எந்த போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் புகார் எழுதுவது? கறுப்பெல்லாம் சேரியும் இல்லை, சிவப்பெல்லாம் அக்ரகாரமும் இல்லை. அது நமக்கும் தெரியும். ஆனால் 'பாக்கறதுக்கு சேரிப் பொண்ணு மாதிரி இருக்கா' என்பது இன்றைக்கும் இந்த ஊரில் ஒரு வசவு. அந்த வசவுக்கு இங்கிலீஷில் வைத்த பெயர்தான் 'லுக்' இல்லை.

உடம்பையும் உடுப்பையும் வைத்து ஆளைப் பிரிப்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்க நகை, வெள்ளி நகை கூடாது. ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி போடக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மாரை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடையும் செருப்பும் ஆகாது. மறுவருடம் அந்த எட்டு பதினொன்றாக ஆனது. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதியைப் பற்றிய தன் புத்தகத்தில் இதை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். 'ஆள் பாதி ஆடை பாதி' என்று பழமொழி சொல்கிற ஊர் இது. நமக்கு அந்தப் பாதியும் இல்லை, இந்தப் பாதியும் இல்லை என்று ஆக்கி வைத்திருந்தார்கள்.

இதைப் புரிந்து வைத்திருந்தவர் அம்பேத்கர். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் பேசும்போது, தீண்டத்தகாதவர் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கிற புடவைக் கட்டையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். மனுஸ்மிருதியை எரித்த அதே மாநாடு அது. புத்தகத்தை எரிப்பதும் புடவையை மாற்றிக் கட்டுவதும் அவருக்கு ஒரே போராட்டம். உடை அற்ப விஷயம் என்று நினைக்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். தாம்பரம் சானடோரியம் என்று ஏன் பெயர் வந்தது? 1928-ல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். எலும்புருக்கி நோய் என்று நம் சனங்கள் சொல்வார்கள். மெலிந்த உடம்பைப் பார்த்தால் பயந்த காலம் அது. 'நல்லா பூசினாப்ல இருக்கா' என்பது எங்கள் ஆயா வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு. 'ஒடிசலா இருக்காளே, சோறு கீறு திங்கறதில்லையா' என்பது கவலை. பசியை அறிந்த சனம் சதையை அவமானமாக நினைத்ததில்லை. அதை அவமானம் என்று சொல்லிக்கொடுத்தது யார்?

அதே சானடோரியத்தில் 1984-ல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. மெப்ஸ் என்கிறோம். காலையில் ரயிலும் பஸ்ஸும் அங்கே கொண்டுவந்து கொட்டுகிற கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம். என் அக்கா அங்கே ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் டெய்லராக இருந்தாள். அவள் லைனில் ஓடியதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற துணி. இரண்டு எக்ஸ்எல், மூன்று எக்ஸ்எல் என்று லேபிள் வைத்துத் தைப்பாள். 'அந்த ஊரு பொம்பளைங்க நம்மள மாதிரிதாண்டா இருப்பாங்க போல' என்று சிரிப்பாள். ஆனால் அவள் உடம்புக்கு இங்கே ஒரு சுடிதார் வாங்கப் போனால், 'உங்க சைஸ் வராதுக்கா' என்று பதில். தைத்த கைக்குத் தைத்த அளவு கிடைக்காது. இது வெறும் கடைக்காரன் குறைபாடா?

தையல் தொழில் தெரிந்தவர்களுக்கு இதன் உள்விவகாரம் தெரியும். நம் தெரு டெய்லரிடம் சைஸ் என்று ஒன்று கிடையாது. அளவு ஜாக்கெட்டைக் கொடுப்போம், அல்லது டேப்பை வைத்து எடுப்பார். உடம்புக்குத் தகுந்த துணி. (கிராமங்களில் நமக்கு அளவெடுக்க மறுத்த டெய்லர்களும் உண்டு. அதையும் மறக்கவில்லை.) ரெடிமேட் வந்த பிறகு தலைகீழாக ஆனது. துணிக்குத் தகுந்த உடம்பு. முதலில் நடுத்தரமாக ஒரு உடம்பை வைத்து மாதிரி வெட்டுகிறார்கள். பிறகு அதையே கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பெரிய சைஸ் ஆக்குகிறார்கள். பெருத்த உடம்பு அப்படி எல்லாப் பக்கமும் ஒரே கணக்கில் பெருப்பதில்லை. ஒருத்திக்குக் கை, ஒருத்திக்கு மார், ஒருத்திக்கு வயிறு. அதனால்தான் தோள் தொங்கும், கைச்சுற்று பிடிக்கும். அப்போதும் 'உன் உடம்புதான் சரியில்லை' என்கிறான். இந்திய உடம்புக்கென்று ஒரு அளவு அட்டவணை வேண்டும், 25 ஆயிரம் பேரை அளக்கப் போகிறோம் என்று தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் அறிவித்ததே 2018-ல்தான். அதுவரை எந்த நாட்டு உடம்பை வைத்து நம்மை அளந்தார்கள்?

இந்த நிலையில்தான் 'பிளஸ் சைஸ்' என்று ஒரு புதிய குரல். பெருத்த பெண்களையும் மாடலாக நிறுத்துவோம், நிஜமான உடம்பைக் காட்டுவோம் என்கிறார்கள். 2016-ல் மும்பையில் நடந்த லாக்மே ஃபேஷன் வாரத்தில் இப்படி ஒரு மேடை போட்டார்கள். பெரிய சைஸ் உடை விற்கிற ஒரு கடைச் சங்கிலிதான் அதை நடத்தியது. அதற்குப் பிறகு கறுத்த, பெருத்த மாடல் வர்ஷிதா தட்டவர்த்தியை சவ்யசாச்சியின் விளம்பரங்களில் பார்த்தோம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் உடுத்தியிருந்த கல்யாண உடுப்பை வாங்க என் அக்கா எத்தனை வருடம் மிஷின் மிதிக்கணும்?

இந்தக் குரலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில் பெருத்த உடம்புக்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். வேலையில், ஆஸ்பத்திரியில், பொது இடத்தில் அவமதிக்காதே என்று கேட்டார்கள். அது உரிமைக் குரல். துணிக்கம்பெனி கைக்குப் போனதும் உரிமை கழன்று விழுந்தது, சைஸ் மட்டும் மிஞ்சியது. இன்னொன்றையும் பாருங்கள். 2004-ல் 'நிஜமான அழகு' என்று எல்லா வகை உடம்பையும் காட்டி டவ் சோப்பு விளம்பரம் வந்தது. அதன் முதலாளி யூனிலிவர். 1975 முதல் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்றதும் அதே வீட்டுக் கம்பெனிதான். அங்கே 'நீ எப்படி இருந்தாலும் அழகு', இங்கே 'வெளுத்தால்தான் வேலை'. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய 2020-ல்தான் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. களிம்பு போகவில்லை. நல்ல மனசால் பெயர் மாறவில்லை தோழர்களே, போராட்டத்தால் மாறியது.

எனக்குப் படுவதைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஒட்டுகிற படத்தில் மாடலின் இடுப்புச் சுற்றளவைக் கூட்டுவது மட்டும் பிரதிநிதித்துவம் ஆகாது. யார் முன்வாசலில் நிற்கலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் அதே கையில் இருக்கிறவரை, இன்றைக்குப் பெருத்த சிவத்த உடம்பு உள்ளே போகும். பெருத்த கறுத்த உடம்பு குடோனிலேயே கிடக்கும்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். 12.6 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெருத்தும் இருக்கிறோம், ரத்தமில்லாமலும் இருக்கிறோம். ரேஷன் அரிசியும் டீயும் பன்னும் மலிவு எண்ணெயும் கொடுத்த உடம்பு இது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் வைத்தியம் பாருங்கள், நடங்கள். அது நமக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம். துணி விற்கிறவன் அதில் நாட்டாமை பண்ண வேண்டாம். பத்தில் நாலு பெண் இப்படி இருக்கிற ஊரில், குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை போர்டுகளை எண்ணிக்கொண்டே போங்கள். எத்தனை போர்டில் அந்த நாலு பேரில் ஒருத்தி இருக்கிறாள்?

சினிமாவும் இதற்கு விலக்கு அல்ல. 'குண்டு' என்பதை நடிகர் பெயருக்கு முன்னாலேயே ஒட்டி வைத்த சினிமா இது. பெருத்த பெண்ணையே கதாநாயகியாக வைத்து 2015-ல் 'இஞ்சி இடுப்பழகி' வந்தபோதும், அனுஷ்கா உடம்பை ஏற்றிக்கொண்டு வந்துதான் நடித்தார். பெருத்தவள் கதையில்கூடப் பெருத்தவளுக்கு வேலை இல்லை.

சரி, நாம்? இங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நம் இயக்கத்தில் ஒரு பெண் தோழர். பதினைந்து வருடமாக அவரை 'குண்டு தோழர்' என்றுதான் கூப்பிட்டேன். அன்பாகக் கூப்பிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மகள் கேள்வி கேட்ட அன்று அவரிடம் போய்ச் சொன்னேன். "இத்தனை வருசமா பேர் இல்லாமதான் தோழர் இருந்தேன்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நம் இதழின் பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். தலித் பெண் என்றால் எலும்பும் தோலுமாக, கன்னம் ஒட்டி, கண்ணீரோடு. கறுத்துப் பெருத்து வாய்விட்டுச் சிரிக்கிற ஒருத்தி, சந்தையில் நியாயம் பேசுகிற ஒருத்தி, ஒரு அட்டையிலும் இல்லை. அவன் நம்மைக் காட்டாமல் மறைத்தான். நாம் நம்மையே பரிதாபமாகக் காட்டினோம். ரெண்டும் குடோன்தான்.

என்ன செய்வது? வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பிலும் நேர்முகத்திலும் நிறம், பருமன், 'லுக்' பார்ப்பதைத் தடைசெய்யச் சட்டம் கேட்போம். 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. நின்று நின்று கால் வீங்கிய பெண்களின் வலி சட்டமாகும் என்றால் இதுவும் ஆகும். விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பை மெலியவோ பெருக்கவோ வைத்துத் திருத்தினால் அதைப் படத்திலேயே சொல்லணும் என்று பிரான்சில் 2017 முதல் விதி இருக்கிறது. இங்கே ஏன் கூடாது? தாம்பரம் வட்டாரத்து மாணவத் தோழர்கள் கடை கடையாகப் போய் ஒரு கணக்கெடுங்கள்: முன்னால் நிற்பவர்கள் யார், குடோனில் இருப்பவர்கள் யார். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கையில் கணக்கு இருந்தால்தான் பேச முடியும்.

நம் பங்குக்கு, அடுத்த இதழ் முதல் அட்டையில் நம் பெண்களின் நிழற்படங்கள் வரும். அவர்கள் சம்மதத்தோடு, அவர்களுக்குப் பிடித்த உடுப்போடு, ஒரு சுருக்கத்தைக்கூடத் திருத்தாமல். முதல் படத்துக்குத் தோழரையே கேட்டிருக்கிறேன். "பேரைப் பெருசாப் போடுங்க" என்று நிபந்தனை வைத்திருக்கிறார். போடுகிறோம்.

அக்கா மகள் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொன்னேன்: சம்பளம் ஒண்ணுதான், மரியாதைதான் வேற. அதைத்தான் நம்ம தாத்தா காலத்திலிருந்து கேட்டுக்கிட்டிருக்கோம்.

எழுதுங்கள், பேசுவோம்.

ஜெய்பீம்.