அஞ்சலட்டை அடுக்களைக்கு வரட்டும்

செகந்திராபாத் பக்கம் நம்மவர் வீடுகளில் சாப்பிட உட்கார்ந்தால் ஒன்று புலப்படும். ஊர்ப் பழக்கமான அப்பளம், வடாம், மோர் மிளகாய் எதையும் நாம் விடவில்லை. இங்கு வந்தபின் ஆவக்காயும் கோங்குரா தொக்கும் சேர்ந்துகொண்டன. இரண்டு மாநிலத்து உப்பு ஒரே தட்டில்! ஆனால் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் பிள்ளைகளுக்கு இது தெரியாததல்ல. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகையிலை எல்லாம் பள்ளியில் படிக்கிறார்கள், பரீட்சையிலும் எழுதுகிறார்கள். அதோடு சரி. பதின்மூன்று வயதுப் பேரன் போய், "பாட்டி, ஊறுகாயைக் குறையுங்கள்" என்றால், "பெரிய டாக்டர் வந்துட்டான், போய்ப் படிடா" என்றுதான் பதில் வரும். பாடம் படிப்பவர் ஒருவர், கரண்டி பிடிப்பவர் வேறொருவர். எனவே பள்ளியில் இதய நலம் போதிப்பதானால் வீட்டாரையும் சக மாணவர்களையும் சேர்த்துக்கொண்டே போதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 2004 முதல் 2006 வரை டில்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளை வைத்து 'மைத்ரி' என்றொரு திட்டம் சோதிக்கப்பட்டது. இதில் பங்குகொண்ட 'ஹ்ருதய்' அமைப்பில் முன்னின்ற இதய மருத்துவர் ஸ்ரீநாத் ரெட்டி, நம் உஸ்மானியா மருத்துவக் கல்லூரி மாணவர். மைத்ரி எடுத்துக்கொண்ட விஷயம் இதயத்தின் பெரும்பகையான புகையிலை. 6, 8 வகுப்புகளில் தொடங்கினார்கள். ஆசிரியர் மட்டும் பேசாமல், பயிற்சி பெற்ற மாணவர்களே தோழர்களைக் கூட்டி வைத்து நடத்தினார்கள். பெற்றோருக்கு அஞ்சலட்டைகள் போயின. இரண்டு ஆண்டு முடிவில், திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 சதவிகிதம் கூடியிருந்தது. நடந்த பள்ளிகளில் 17 சதவிகிதம் குறைந்திருந்தது.

காரணம் புரியாததல்ல. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பான் டப்பாவை அப்படித் தள்ளி வைக்கலாம், பக்கத்து பெஞ்சுத் தோழனை எப்படித் தள்ளி வைப்பது? "ஒரு இழுப்பு இழுத்துப் பாரேன்" என்று அவன் சொல்லும்போது, "வேண்டாம்டா" என்று சொல்ல இன்னொரு தோழன் வேண்டும்.

இதனால் எல்லாம் உடனே மாறிவிடும் என்று சொல்ல வரவில்லை. 1991 முதல் 1994 வரை அமெரிக்காவில் 96 பள்ளிகளை வைத்து 'கேட்ச்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் குடும்பத்தாரையும் சேர்த்தார்கள். சாப்பாட்டில் கொழுப்பு குறைந்தது, பிள்ளைகள் அதிகம் ஓடியாடினார்கள். ரத்தத்தில் கொலஸ்டிரால் மட்டும் சொல்லும்படி இறங்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த நல்ல பழக்கங்கள் நிலைத்திருந்தன. பழக்கம்தானே நமக்கு வேண்டும்?

"மாரடைப்பெல்லாம் கிழவயசுக் கவலை, குழந்தைகளிடம் ஏன்?" என்பவர்கள் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, முதல் மாரடைப்பு வருபவர்களின் சராசரி வயது தெற்காசியாவில் 53, பிற நாடுகளில் ஏறக்குறைய 59. 53 என்பது பிள்ளை கல்லூரியில் படிக்கும்போது அப்பாவுக்கு இருக்கும் வயது.

வெளியூர்வாசிகளான நமக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. பள்ளிச் சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, தப்பினால் தெலுங்கில். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பாட்டிக்கு அது எட்டுவதில்லை. இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை. மாதம் ஒரு தமிழ் அஞ்சலட்டை, பாட்டி பெயருக்கே போகட்டும். விஷயத்துக்கு அலைய வேண்டாம். தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-இல் குன்னூரில் பிறந்து 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிவந்தது, நம்மைப் போலவே! 2024-இல் அது வெளியிட்ட உணவு வழிகாட்டியிலிருந்து எடுத்து எழுதலாம். சங்கத்து உயர்வகுப்பு மாணவர்கள் நாலு பேர் எழுதி, சிறுவர்களுக்கும் அவர்களே விளக்கட்டும்.

பொங்கல் விழாவுக்குள் முதல் அட்டை போய்ச் சேர வேண்டும். அதில் "ஊறுகாயை நிறுத்துங்கள்" என்று எழுத வேண்டாம். யாரும் நிறுத்தப் போவதில்லை. மோர் மிளகாய் வறுத்த அன்றைக்கு ஆவக்காய் ஜாடியைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் எழுதுவோம்.