கோடம்பாக்கத்திலிருந்து திரும்பியவன் தோற்றவனா?

திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் வண்டி மாறினால் கோடம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வட சென்னையில் ஒரு பையன் சினிமாவுக்குப் போகிறான் என்றால், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவனைப் போலத்தான் அவனை வழியனுப்புகிறோம். வடபழனியில் நாலு பேரோடு ஒரு ரூம், அசிஸ்டென்ட் வேலை, பேட்டா வந்த நாளில் பிரியாணி, வராத நாளில் டீயும் பன்னும். சில வருஷம் கழித்து அவன் பெட்டியோடு வந்து, "இனிமே இங்கேயேதான் படம் எடுக்கப் போறேன்" என்று சொல்லட்டும், தேரடி டீக்கடையில் தீர்ப்பு தயாராக இருக்கும். "இன்னாப்பா, சினிமா ஒத்து வரலியா?"

கேலியாகக் கேட்பவர்களைக்கூட மன்னித்துவிடலாம். அக்கறையோடு கேட்பவர்கள்தான் அதிக சேதம் செய்கிறார்கள். அப்பா பேசுவதை நிறுத்திவிடுகிறார். அம்மா, "மாமாகிட்ட சொல்லி ஹார்பர்ல எதுனா பார்க்கச் சொல்லட்டுமா?" என்று ஆரம்பிக்கிறாள். போனவன் ஜெயித்தால் காரில் வரவேண்டும், ஜெயிக்காவிட்டால் வரவே கூடாது என்பது ராயபுரம் முதல் எண்ணூர் வரை எழுதாத சட்டம். தேனியிலும் திருநெல்வேலியிலும் இதே சட்டம்தான். கொஞ்சம்கூட யோசிக்காமல் நாம் எல்லோரும் கட்டிக் காப்பாற்றி வரும் மூடநம்பிக்கை இது.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். தமிழ் சினிமா கோடம்பாக்கத்தில் பிறக்கவில்லை. ஆர். நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்தது கூவத்துக்கு வடக்கே, புரசைவாக்கம் பக்கத்து மில்லர்ஸ் ரோட்டில். அது முதல் உலகப் போர்க் காலம். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் பம்பாயில் உருவானது. அதன் பிறகு மூன்று வருஷம், பேசும் படம் எடுக்க வேண்டுமென்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும் என்பதே நிலைமை. 1934-ல் ஏ. நாராயணன் சென்னையிலேயே சீனிவாசா சினிடோன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். வெளியூர் போனால்தான் பேசும் படம் என்ற பேச்சு அத்தோடு பொய்த்தது.

அதே முப்பதுகளில் திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு ஊர் திரும்பினார். ஸ்டுடியோ கட்ட அவர் சென்னைக்கு வரவில்லை. சேலத்தில், ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை எழுப்பினார். நூறு படங்களுக்கு மேல் அங்கிருந்து வந்தன. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) சேலத்துச் சரக்கு. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. ஏவி. மெய்யப்பன் 'நாம் இருவர்' (1947) படத்தைத் தன் சொந்த ஊரான காரைக்குடியில்தான் எடுத்தார். வடபழனிக்கு அவர் வந்தது அதற்குப் பிறகு.

பின்னர் எல்லாம் கோடம்பாக்கத்தில் குவிந்ததற்குக் காரணம் உண்டு. கேமரா வாடகைக்கு அங்கேதான் கிடைத்தது. எடுத்த பிலிமைக் கழுவ லேப் அங்கே, குரல் சேர்க்க டப்பிங் தியேட்டர் அங்கே, பைனான்ஸ் பேச ஆள் அங்கே. ஒரு கேன் பிலிமின் விலைக்கு ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிட்டுவிடலாம் என்றிருந்த நாளில், இவை இல்லாத இடத்தில் உட்கார்ந்து படம் எடுக்க யாராலும் முடியாது. இன்று அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை செத்துவிட்டன. பிலிம் லேபுகள் மூடிப் பல வருஷம் ஆகிறது. எடிட் சூட் மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. மொட்டை மாடியில் கானா பாடி, நண்பன் கைபேசியில் படம் பிடித்து, ராத்திரியே யூடியூபில் ஏற்றிவிடுகிற வியாசர்பாடிப் பையன்கள் யாரிடமும் சான்ஸ் கேட்டு நிற்கவில்லை. அவர்களைத் தேடிக் கோடம்பாக்கம்தான் வந்தது. காரணம் போன பிறகும் பழக்கம் நிற்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, இந்த 'தோற்றவன்' என்ற பட்டம். அதைக் கொடுக்கத் தமிழ்நாட்டில் எந்த ஊருக்கு உரிமை இருந்தாலும் வட சென்னைக்கு இல்லை. பர்மாவில் 1962-ல் நெ வின்னின் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் நிறுவனங்களையும் அரசுடைமையாக்கியபோது, கடையையும் சேமிப்பையும் விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழும்பின. பாரிமுனையில் பர்மா பஜார் முளைத்தது. அத்தோவும் மொய்ங்காவும் நம் சாயங்காலத் தீனியானது அவர்களால்தான். வெறுங்கையோடு திரும்பியவர்களை யாரும் அன்று தோற்றவர்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த ஊரில் பாதி இருந்திருக்காது. தமிழ் சினிமாவின் பெருவெற்றிகளில் ஒன்றான 'பராசக்தி' (1952) ரங்கூனிலிருந்து ஊர் திரும்பும் அண்ணன் தம்பிகளின் கதைதான். திரையில் திரும்பி வருகிறவனுக்காக அழுதோம். தெருவில் திரும்பி வருகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இந்தச் சிரிப்புக்கு நாம் கொடுத்த விலை என்ன?

வட சென்னையைப் பற்றிப் படங்கள் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'பொல்லாதவன்' (2007), 'மெட்ராஸ்' (2014), 'வடசென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) என்று வரிசையாக வந்தன. இவற்றில் நல்ல படங்கள் உண்டு. 'மெட்ராஸ்' ஒரு சுவரை வைத்து அரசியலைப் பேசியது. 'வடசென்னை' கடலோரக் குப்பத்தை வளர்ச்சியின் பேரில் காலி செய்யும் சூழ்ச்சியைக் காட்டியது. எனக்கு அவற்றின் மேல் கோபம் இல்லை. அந்தப் படங்களின் வெற்றியைப் பார்த்து வரிசையில் நின்ற மற்றவர்களைப் பற்றித்தான் பேச்சு. லொகேஷன் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் படகு வேண்டும், சந்து வேண்டும், கத்தி வேண்டும். பத்து நாள் ஷூட்டிங் முடித்துப் போய்விடுகிறார்கள். அவர்கள் சட்டகத்தில் இந்த ஊரின் உழைப்புக்கு இடமில்லை. 'சார்பட்டா'வின் கபிலன்கூடத் துறைமுகத்துக் கூலிதான். ஆனால் அவன் குத்துச்சண்டை மேடை ஏறியதும் துறைமுகம் படத்திலிருந்து ஒதுங்கிவிடுகிறது.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு இரவு நடந்து பாருங்கள். துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். வண்டிக்கு அடியில் துணி விரித்து கிளீனர் தூங்குவான். டிரைவர் சக்கரத்தை ஒட்டி ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிப்பார். எப்போது கேட் திறக்கும், எப்போது வண்டி நகரும் என்று அவருக்கும் தெரியாது. அந்தக் காத்திருப்பில் ஒரு முழுப் படம் இருக்கிறது.

இன்னும் வடக்கே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்குப் போனால், பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலை கிடையாது. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். விரலில் தட்டுப்படும் இறாலை எடுத்து வாயருகே இருக்கும் பறிக்குள் போடுவார்கள். அந்தச் சேற்றில்தான் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் கலந்திருக்கிறது.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் அதை பக்கெட்டால் மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் மக்கள் அமோனியா நெடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடினார்கள். தொலைக்காட்சிக்கு இவை சில நாள் செய்தி. அதற்கு முந்தைய இருபது வருஷத்தையும் பிந்தைய இருபது வருஷத்தையும் எடுக்க, இங்கேயே இருக்கிற ஒருவன் வேண்டும். அவனைத்தான் 'உருப்படாதவன்' என்று சொல்லிக் கோடம்பாக்கத்துக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

உடனே ஒரு கேள்வி வரும். மேலே சொன்ன படங்களை இயக்கிய வெற்றிமாறனும் ரஞ்சித்தும் வட சென்னைக்காரர்களா, அவர்கள் எடுக்கவில்லையா? சரியான கேள்வி. ஊர்க்காரன்தான் ஊரை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரான பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. பிறந்த ஊர்ச் சான்றிதழ் கேட்டு ஆளைச் சேர்க்கிற வழக்கம் இங்கே எப்போதும் இருந்ததில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒளிப்படக்காரர் எம். பழனிக்குமார், எண்ணூரில் இறால் பிடிக்கும் பெண்களோடு பழகி அவர்கள் வாழ்க்கையைப் படமாக்கினார். 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றும் தருகிறார். பிறப்பு முக்கியமில்லை, இருப்புதான் முக்கியம். இங்கே பிறந்தவனுக்கு அந்த இருப்பு சுலபமாகக் கைகூடும். அதைத்தான் நாம் அவமானமாக்கி வைத்திருக்கிறோம்.

வெளி உலகத்தைப் பாருங்கள். செனகல் நாட்டு மீனவர் மகன் உஸ்மான் செம்பேன் பிரான்ஸில் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கேயே நாவல் எழுதிப் பேரும் வாங்கினார். புத்தகம் படிக்கத் தெரியாத தன் மக்களிடம் பேச வேண்டும் என்பதற்காக மாஸ்கோவில் சினிமா படித்துவிட்டு டக்காருக்குத் திரும்பினார். 1963-ல் ஒரு வண்டிக்காரனின் ஒரு நாள் பிழைப்பை இருபது நிமிடப் படமாக்கினார். ஆப்பிரிக்க சினிமாவின் வரலாறு அந்தப் படத்திலிருந்துதான் எழுதப்படுகிறது. அதே மார்செயின் துறைமுகப் பகுதியான லெஸ்டாக்கில் துறைமுகத் தொழிலாளியின் மகனாக வளர்ந்தவர் ரொபேர் கெதிகியான். பாரிஸுக்குப் போனார், பெயர் வாங்கினார், ஆனால் கேமராவை மறுபடி மறுபடி லெஸ்டாக்குக்கே கொண்டுவந்தார். மூடிய தொழிற்சாலை, வேலை போன மனிதர்கள், கடல். நம் விம்கோ நகரிலிருந்து எண்ணூர் வரை கிடக்கிற அதே பொருள்தான். அவரை அந்த ஊர் தோற்றவன் என்று சொல்லவில்லை.

"எல்லாம் சரி, சோத்துக்கு என்ன வழி?" என்று அப்பா கேட்பார். அது நியாயமான கேள்வி, அதை மழுப்பக் கூடாது. ஊர் திரும்பினால் பணம் கொட்டாது. கல்யாண வீடியோ எடுக்க வேண்டியிருக்கும், கம்பெனி விளம்பரப் படம் செய்ய வேண்டியிருக்கும், வருஷத்தில் பாதி வெளிப் படங்களில் கூலிக்கு வேலை பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் கோடம்பாக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் மாதச் சம்பளமா வருகிறது? டிஸ்கஷன் டிஸ்கஷனாகப் போய், கிளாப் அடித்து, நாற்பது வயதில் முதல் படத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பக்கத்து டீக்கடைகளில் விசாரியுங்கள். பசி இரண்டு இடத்திலும் உண்டு. வாடகை இல்லாத வீடும், கண்ணெதிரே கதையும் இருப்பது ஒரு இடத்தில்தான்.

அரசுக்கும் பங்கு இருக்கிறது. திரைப்படக் கல்லூரி தரமணியில். சினிமாச் சங்கங்கள் வடபழனிப் பக்கம். வட சென்னைக்கு மிஞ்சியது தியேட்டர்கள்தான், அவையும் உதிர்கின்றன. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல் மூடிவிட்டது. மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்களில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு புரொஜக்டர் வைத்து உள்ளூர்ப் பிள்ளைகளின் படத்தைத் திரையிட்டால் கஜானா காலியாகிவிடாது. தரமணிக் கல்லூரி வருஷத்துக்கு ஒரு முறை ராயபுரத்தில் பட்டறை நடத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. தொழிற்சங்கங்கள் தங்கள் வரலாற்றை எடுத்துத் தரச் சொல்லி இந்தப் பிள்ளைகளைக் கேட்கலாம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வேரூன்றிய கதை, ஐம்பதுகளிலிருந்து திருவொற்றியூரில் என்ஃபீல்டு வண்டி கட்டியவர்களின் கதை, 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் அணைந்த எண்ணூர் அனல் மின் நிலையத்தின் கதை எல்லாம் வேலை செய்து ஓய்ந்த பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. அவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்குப் பெட்டியோடு ஒருவன் திரும்பி வந்தால், என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். எதை எடுக்கப் போகிறாய் என்று கேளுங்கள். படகில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஷிப்டு முடிந்து வரும் நேரத்தைச் சொல்லுங்கள், பாட்டியிடம் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். திரும்பி வருகிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. கார் வாங்கிய பிறகு வரலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கார் வாங்கியவர்கள் அநேகமாக வருவதில்லை.