மண்ணைப் பார்த்தீர்கள், காற்றை யார் பார்ப்பது?

2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகளை மூடினார்கள். கடல் கடந்து வந்த மாசுக்காற்று இலங்கைக்கு மேல் தேங்கி நின்றது. "வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள்" என்று அறிவித்தார்கள். பிள்ளைகளின் நெஞ்சைக் காக்க எடுத்த அந்த முடிவை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் லயத்துக் காம்பராவில் வாழும் குடும்பம் எந்த வீட்டுக்குள் போய் நல்ல காற்றைத் தேடுவது?

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில்தான் படுக்கை, அதை ஒட்டித்தான் அடுப்பு. முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. விடியுமுன் அம்மா அடுப்பு மூட்டும்போது, பக்கத்தில் தூங்கும் பிள்ளையும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறது. மலைக்குளிரில் கதவையும் திறந்து வைக்க முடியாது. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் பெண்களின் தீராத இருமலையும் பிள்ளைகளின் இழுப்பையும் "குளிர்தேசத்துச் சளி" என்று சொல்லித் தட்டிக் கழிக்க இனி விடமாட்டோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1994இல் வந்த காற்றுத்தர விதிகள் 2008இல் திருத்தப்பட்டன. நெஞ்சின் ஆழம்வரை போகும் மிக நுண்ணிய தூசு, 24 மணித்தியாலச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அந்த விதி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவோ வெறும் 15. இந்த வித்தியாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் நாட்டு விதி வெளிக்காற்றுக்கானது. குசினிக்குள் நிற்கும் புகை அந்தக் கணக்கில் வராது. நகரத்துச் சந்தியில் கருவியை வைத்து "இன்று காற்று பரவாயில்லை" என்று சொன்னால், அந்தச் செய்தி நம் லயத்துக்குப் பொருந்துமா?

"விறகு எரிப்பது நீங்கள்தானே?" என்று சில துரைமார் கேட்கிறார்கள். பதில் சொல்கிறோம். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டரின் விலை 4,860 ரூபாய். அப்போது நம் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒரு சிலிண்டருக்காக ஏறக்குறைய ஐந்து நாள் மலையில் கொழுந்து பறிக்க வேண்டும். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. விறகை விட்டால் நமக்கு வேறென்ன வழி இருந்தது? காம்பராவை இப்படிக் கட்டியது நாமா? சம்பளத்தை இந்த அளவில் வைத்தது நாமா?

இப்போது புதுவீடுகள் வருகின்றன. சொந்தக் காணியும் தனிவீடும் நம் போராட்டத்தின் பலன். அதனால்தான் கேட்கிறோம். வீட்டுக்காணி ஒதுக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தைப் பார்க்கிறது. மீரியபெத்தையை மறக்காத நாம் அதை வரவேற்கிறோம். அதே நிறுவனத்திடம் காற்றை அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. மண்ணைப் பார்க்க வருபவர்களிடம் காற்றையும் பாருங்கள் என்று சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை? தேயிலை ஸ்டோரின் புகைக்கூண்டு எந்தப் பக்கம் ஊதுகிறது, மருந்தடிக்கும் மலை எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் காணி ஒதுக்கலாமா? சுவர் கறுத்துவிடும் என்று பயந்து, புதுவீட்டின் பின்னால் தகரக் கொட்டில் போட்டு, அந்தப் புகைக்குள் நம் பெண்கள் சமைக்கிறார்கள். லயத்துப் புகை புதுவீட்டுக்கும் குடிவந்துவிட்டது.

நமது கோரிக்கைகள்:

1. வீடமைப்புக் காணிக்கு மண்சரிவு அறிக்கையோடு காற்று அறிக்கையும் வேண்டும். அது தமிழில் தொழிலாளர் கையில் கிடைக்க வேண்டும்.

2. புகைபோக்கி பொருத்திய குசினி இல்லாத வீட்டின் சாவியைக் கொடுத்து விழா நடத்தக்கூடாது.

3. இன்னும் லயத்தில் இருப்பவர்கள் புதுவீடு வரும்வரை காத்திருக்க முடியாது. அங்கே புகைபோக்கியும் காற்றுவழியும் அமைப்பது தோட்ட நிர்வாகத்தின் செலவு.

4. ஸ்டோர் புகையை மத்திய சுற்றாடல் அதிகாரசபை அளக்கும்போது தொழிலாளர் பிரதிநிதி பக்கத்தில் இருக்க வேண்டும்.

5. குடியிருப்புக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் அருகில் மருந்தடிப்பதானால் முதல்நாளே அறிவிக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிகளே! அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். உங்கள் தோட்டத்தில் எத்தனை குசினிக்குப் புகைபோக்கி இல்லை என்று லயம் லயமாக எண்ணி, அந்தக் கணக்கோடு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிர்வாகத்தோடும் அமைச்சோடும் பேசப் போகிறோம்.