தியோடோராவைச் சாக விடுங்கள்

பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "தாத்தா, உங்க ஹேண்டல் பாருங்க" என்று மடிக்கணினியைத் திறந்து வைத்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன். பாட்டில் குறையே இல்லை. ஆனால் எழுந்தபோது வந்த கோபம் ஒரு வாரமாகியும் தணியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2022-இல் கேட்டி மிட்செல் இயக்கிய 'தியோடோரா' அது. ஹேண்டல் இதை ஓபராவாக எழுதவில்லை. இது ஒரேட்டோரியோ. அதாவது பக்திக் கதையைப் பாடகர்கள் நின்ற இடத்திலேயே நின்று பாடுவார்கள். வேடமும் நடிப்பும் கிடையாது. 1732-இல் 'எஸ்தர்' கதையைப் பாட வைத்தபோது, அரச தேவாலயச் சிறுவர்கள் மேடையில் நடிக்கக்கூடாது என்று லண்டன் பிஷப் தடுத்துவிட்டார். நடிப்பில்லாமலே பாடினார்கள், கூட்டம் அலைமோதியது. காட்சியைக் கேட்பவன் மனசுக்குள் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டதுதான் இந்த வடிவத்தின் பலம்.

கதை எளிது. அந்தியோக்கியாவில் ரோமானிய ஆளுநர் வாலென்ஸ், எல்லோரும் ஜூபிடருக்குப் பலி கொடுக்க வேண்டும் என்று ஆணையிடுகிறான். கிறிஸ்தவப் பெண் தியோடோரா மறுக்கிறாள். தண்டனை மரணமல்ல, விபசார விடுதி. அவளை நேசிக்கும் ரோமானிய வீரன் டிடிமஸ் தன் உடையை அவளுக்குக் கொடுத்துத் தப்ப வைக்கிறான். அவனுக்கு மரண தண்டனை என்று கேள்விப்பட்டதும் அவள் தானாகவே திரும்பி வருகிறாள். இருவரும் சாகிறார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை.

மிட்செல் என்ன செய்தார்? இடத்தை இன்றைய தூதரகம் ஆக்கினார். தியோடோராவும் தோழியும் சமையலறையில் ரகசியமாக வெடிகுண்டு தயாரிக்கிறார்கள். விடுதியில் பெண்கள் கம்பத்தைப் பிடித்து ஆடுகிறார்கள். கடைசியில் இருவரையும் குளிர்பதன அறையில் அடைக்க, அதிலிருந்து தப்பிவிடுகிறார்கள். வாயோ மறுமையின் பேரின்பத்தைப் பாடுகிறது; கண்ணுக்கு நடப்பது வேறு.

பெண்ணை எப்போதும் பலியாடாகவே காட்டக்கூடாது என்கிறது அந்தத் தரப்பு. நியாயமான கவலைதான். ஆனால் தியோடோரா பலியாடா? தப்பிய பிறகு, இன்னொருவன் தனக்காகச் சாகக்கூடாது என்று தன் காலால் நடந்து வந்தவள் அவள். அதைவிடச் சுதந்திரமான முடிவு எது? அதை அழித்துவிட்டு அவளுக்கு விடுதலை கொடுத்தோம் என்றால் என்ன அர்த்தம்? போதாததற்கு, மனசாட்சிக்காகத் துன்புறுத்தப்பட்டவள் கையில் குண்டையும் கொடுத்தாகிவிட்டது.

பழைய காலத்து ஆள், புதுமை பிடிக்காது என்று நினைக்காதீர்கள். 1996-இல் கிளைண்ட்போர்னில் பீட்டர் செல்லர்ஸ் இதையே இன்றைய அமெரிக்காவாக மாற்றினார். விஷ ஊசி போட்டு இருவருக்கும் மரண தண்டனை. அதைப் பார்த்து அழுதேன். அவர் சட்டையை மாற்றினார், சாவை மாற்றவில்லை.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் கொர்னெய் பாடம் உண்டு. அவரும் 1640-களில் இதே தியோடோராவை நாடகமாக எழுதினார். விடுதியை மேடையில் காட்டவேயில்லை, பேச்சோடு சரி. பாரிஸ் ரசிகர்கள் அந்தப் பேச்சையே தாங்காமல் நாடகம் தோற்றது. ஹேண்டலின் விடுதிக் காட்சியில் தியோடோரா தனியே, இருளை வேண்டிப் பாடுகிறாள். அந்த இருளில் நம் பயம் போதும், கம்பம் எதற்கு?

1750 மார்ச்சில் இது மூன்று தடவைதான் பாடப்பட்டது. அரங்கம் காலி. ஆனாலும் தன் 'அல்லேலூயா'வைவிட இதன் இரண்டாம் பகுதியின் கடைசிக் கோரஸே உயர்ந்தது என்று ஹேண்டல் சொன்னதாகப் பாடலாசிரியர் மோரெல் எழுதி வைத்திருக்கிறார். தோற்றாலும் முடிவைத் திருத்தவில்லை அந்தக் கிழவர்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்த குமாஸ்தா. கோப்பில் என் கருத்தைக் குறிப்பாக எழுதலாம், எதிர்த்தும் எழுதலாம். கையெழுத்தான உத்தரவைச் சுரண்டி வேறு எழுதினால் அது மோசடி. இயக்குநர்களுக்கும் அதேதான். குறிப்பு எழுதுங்கள். வேறு முடிவு வேண்டுமா, புதிதாக ஒரு கதை எழுதுங்கள்.

பேரனிடம் அசல் கதையைச் சொன்னேன். "தப்பிச்ச பிறகு ஏன் தாத்தா திரும்பி வந்தா?" என்று கேட்டான். அவன் பார்த்த மூன்று மணி நேரத்தில் எழாத கேள்வி. இரவு வெகுநேரம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.