காய்ச்சல் பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்!

பிள்ளைக்குக் காய்ச்சல். முதல் நாள் கஷாயம். மறுநாள் மருந்துக் கடையில், "காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கிப் போடுகிறார்கள். மூன்றாம் நாள் தெருமுனை டாக்டரிடம் ஒரு ஊசி. ஐந்தாம் நாளும் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்கிறது ரத்தப் பரிசோதனை. "அப்ப ஏதோ வைரஸ்தான், தானாப் போயிடும்" என்று பேச்சு முடிகிறது.

தானாகப் போவதில்லை! எட்டாம் நாளில் மூச்சு வாங்குகிறது. சில பிள்ளைகளுக்கு வலிப்பே வந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

அங்கே டாக்டர் சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கிப் பார்க்கிறார். அக்குளில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு! வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. பிள்ளை எப்படிச் சொல்லும்? தொடை இடுக்கு, காதின் பின்புறம், தலைமுடிக்குள் என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் அது இருக்கும். தானே குளித்து உடுத்திக்கொள்ளும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் தாயின் கண்ணிலும் படாது.

இதுதான் 'ஸ்க்ரப் டைபஸ்'. ஜனங்கள் வைத்த பெயர் உண்ணிக் காய்ச்சல். பெயரைக் கேட்டதும் சில வீடுகளில் நாயைத் துரத்துகிறார்கள். பாவம், அது என்ன செய்யும்? கடிப்பது நாய் உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் எலி நடமாடும் இடங்களிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணில் சட்டென்று படாத பொடிசு. அது கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்தே காய்ச்சல் தொடங்குவதால், பந்து பொறுக்கப் புதருக்குள் போனது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

பட்டணத்தில் புதர் ஏது என்று கேட்க வேண்டாம். முள்ளும் குப்பையுமாகக் கிடக்கும் காலி மனை எத்தனை! 2024-25 பனிக்காலத்தில் இந்த நோய் கூடியபோது, மாநிலப் பொதுச் சுகாதாரத்துறை எச்சரித்த மாவட்டங்களில் சென்னையும் ஒன்று.

கோரக்பூர் பாடம்

உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் வருஷா வருஷம் மழைக்காலத்தில் 'மூளைக் காய்ச்சல்' என்று பிள்ளைகள் செத்து விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டும் சாவு நிற்கவில்லை. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார் முன்னின்று ஆராய்ந்தனர். 2016-ல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? சோதித்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம்!

மருந்து இருக்கிறது, விலையும் மலிவு. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் கடைக்காரர் எடுத்து நீட்டும் அமாக்சிசிலின் வகை மாத்திரைக்கு இந்தக் கிருமி மசியாது. செல்லுக்குள் புகுந்து பதுங்கிக்கொள்ளும் கள்ளன் அது.

சின்னப் பிள்ளைக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பல் கறையாகும் என்று தயங்கும் டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய டெட்ராசைக்ளின் காலத்துப் பயம். சில நாள் மட்டும் கொடுப்பதானால் எந்த வயதுப் பிள்ளைக்கும் தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2018-ல் சொல்லிவிட்டது. அதற்காகப் பெற்றோரே கடையில் வாங்கிப் போடக் கூடாது. அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பொருக்கு எல்லாருக்கும் வராது. முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றலாம். ஆகவே, சந்தேகம் வந்தாலே பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-லேயே வழிகாட்டிவிட்டது. அந்தக் காகிதம் தெருமுனை டாக்டரின் மேஜைக்கு வந்து சேர வேண்டும். ஐந்து நாள் காய்ச்சலோடு வரும் பிள்ளையை, உடம்பு முழுக்கப் பார்க்காமல் எந்த ஆஸ்பத்திரியிலும் திருப்பி அனுப்பக் கூடாது. காலி மனைப் புதர்களை வெட்டும் வேலையை மாநகராட்சி ஐப்பசி மழைக்கு முன்பே முடித்தாக வேண்டும்.