காவலர்கள் வைத்த பெயர்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் நம்மூர்க் கைபேசிகளிலும் 'பிளாக் ஃப்ரைடே' தள்ளுபடி விளம்பரங்கள் வந்து குவிகின்றன. நஷ்டத்தைக் காட்டும் சிவப்பு மைக் கணக்கு அன்றுதான் லாபத்தின் கருப்பு மைக்கு மாறுகிறது, அதனால்தான் இந்தப் பெயர் என்று வணிக உலகம் சொல்கிறது. அது 1980களில் பரவிய விளக்கம். பெயரோ அதற்கும் மூத்தது. முன்பெல்லாம் அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள் என்னும் விடுமுறைக்கு மறுநாள், அங்குள்ள பிலடெல்பியா நகரத்துக் கடைத்தெருக்களில் புறநகர் மக்கள் திரளுவார்கள். சனிக்கிழமை ராணுவ அணியும் கடற்படை அணியும் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு வருபவர்களும் சேர்ந்துகொள்வார்கள். விடுப்பே இல்லாமல் நாள் முழுக்கத் தெருவில் நின்ற காவலர்கள் 1950, 60களில் சலித்துப்போய்ச் சொன்ன பெயர் இது. 1961இல் அதை 'பிக் ஃப்ரைடே' என்று மாற்ற வணிகர்கள் முயன்றார்கள், எடுபடவில்லை. பிற்பாடு பெயர் அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறிப்போனது. உழைப்பவரின் முறையீடு விற்பவரின் விளம்பரமாகிவிட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. முறையீட்டுக்கான காரணம் இன்னும் தீரவில்லை. 2008இல் இதே நாளன்று நியூயார்க்கை அடுத்த வேலி ஸ்ட்ரீமில், விடியற்காலையில் கடைக்குள் முண்டியடித்து நுழைந்த கூட்டத்தில் மிதிபட்டு ஓர் ஊழியர் உயிரிழந்தார். மலிவாகக் கிடைக்கும்போது வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த நாளில் கடையிலும் கிடங்கிலும் சாலையிலும் நமக்காக உழைப்பவர்களுக்கு அளவான வேலைநேரமும், உரிய கூலியும், பாதுகாப்பும் உண்டா என்று வாங்குகிற நாம்தான் கேட்க வேண்டும்.