ஜின் என்றால் பூதமா?

அலாவுதீன் விளக்கைத் தேய்ப்பான். குபீரென்று புகை கிளம்பும். பூதம் ஒன்று வந்து கைகட்டி நிற்கும். சின்ன வயதில் எல்லோரும் கேட்ட கதைதான். அந்தப் பூதத்துக்கு அரபு மொழியில் என்ன பெயர் தெரியுமா? ஜின்!

பூதம் என்றதும் கொம்பும் கோரைப்பல்லும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், 'ஜின்' என்ற சொல்லில் அந்தப் பயமுறுத்தல் எதுவும் இல்லை. 'மறைத்தல், மூடுதல்' என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்த சொல் இது என்கின்றன அரபு அகராதிகள். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பது ஜின். அவ்வளவுதான்!

அரபு மொழியில் ஒரே வேரிலிருந்து ஒரு சொல் குடும்பமே கிளைக்கும். ஜின்னின் உடன்பிறப்புகளைப் பாருங்கள். தாய் வயிற்றில் மறைந்திருக்கும் சிசு, 'ஜனீன்'. வீரனின் உடலை மறைக்கும் கேடயம், 'ஜுன்னா'. மரங்கள் அடர்ந்து தரையை மூடிய தோட்டம், 'ஜன்னத்'. சொர்க்கத்துக்கும் அதுதான் பெயர். ஜன்னத் என்ற பெயரில் உங்களுக்கும் ஒரு தோழி இருக்கலாம்!

ஜின் என்றாலே தீயதும் அல்ல. குர்ஆனின் 72-வது அத்தியாயத்தின் பெயரே 'அல் ஜின்'. ஜின்களில் நல்லவையும் உண்டு, அப்படி அல்லாதவையும் உண்டு என்கிறது அது.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு சொல், 'மஜ்னூன்'. லைலா மீது பித்தாகி அலைந்த கைஸுக்கு ஊரார் வைத்த பெயர். 'அறிவு மூடப்பட்டவன்' என்றும் சொல்லலாம். 'ஜின் பிடித்தவன்' என்றும் சொல்லலாம். மனம் கலங்கியவரைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்துவிட்டது என்று அந்தக் காலத்தில் நம்பியதன் அடையாளம் இது.

ஆனால், அதே அரபு மொழி பேசிய ஊர்களில்தான் அவர்களுக்கு வைத்தியமும் நடந்தது. 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது.

எழுநூறு வருடங்கள் தாண்டிவிட்டன. இன்றும் வீட்டில் ஒருவர் தூங்காமல், பேசாமல் சுருண்டு கிடந்தால், 'காத்துக் கறுப்பு அடிச்சிருக்கும்' என்று மந்திரிக்க அழைத்துப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பேய் அல்ல. மனநோயும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அதற்கு மருந்து உண்டு. முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.